டாஷண்டுக்கு வீட்டில் தைத்த கம்பளிக் கோட்டு: சில டெல்லிக் குளிர்காலங்களுக்குப் பிறகு

கடையில் விற்கும் நாய் ஸ்வெட்டர் எதுவும் எங்கள் சுண்டலுக்குச் சேராது. அவன் டாஷண்ட். உடம்பு நீளம், கால் குட்டை, மார்பு மட்டும் பீப்பாய் மாதிரி. மார்புக்குப் பார்த்து எடுத்தால் முதுகு பாதி வெளியே தெரியும். முதுகுக்குப் பார்த்து எடுத்தால் கழுத்து தொளதொளவென்று இறங்கி முன்னங்காலில் சிக்கும். அதனால்தான் வீட்டிலேயே தைத்தேன். ஆர்.கே.புரத்துப் பனியில் சில குளிர்காலங்கள் ஓடிவிட்டன. 2023 ஜனவரி 16 அன்று டெல்லியின் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1.4 டிகிரி பதிவானதே, அந்தக் காலையிலும் இதைப் போட்டுக்கொண்டுதான் வாக்கிங் போனான்.

மேல்துணி, மாமனார் மத்திய அரசு வேலையில் இருந்த காலத்தில் தைத்துக்கொண்ட கம்பளிக் கோட்டு. திவான் பெட்டிக்குள் பல வருஷமாகச் சும்மா கிடந்தது. "ஏம்மா, இவ்வளவு நல்ல துணிய நாய்க்கா வெட்டப்போற?" என்றார் அத்தை. (இப்போது காலையில் அதை அவனுக்குப் போட்டுவிடுவதே அவர்தான்.) தையலைப் பிரித்து, வெட்டுவதற்கு முன்பே வெந்நீரில் போட்டு நன்றாகக் கசக்கினேன். கம்பளிக்கு வெந்நீர் ஆகாது என்பார்கள். இங்கே வேண்டியதே அதுதான். கம்பளி இழையின் மேலுள்ள நுண்ணிய செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு துணி சுருங்கித் தடித்துவிடும். சுருங்க வேண்டியது முதலிலேயே சுருங்கிவிட்டதால் அப்புறம் அளவு மாறவில்லை. வெட்டிய ஓரத்தில் நூலும் பிரியவில்லை. தடித்த துணிக்கு மெஷினில் 16ஆம் எண் ஊசி போட வேண்டும். கழுத்து வளைவை மட்டும் கையால் தைத்தேன், மெஷின் அங்கே திரும்பவே மறுத்தது.

அளவு: கழுத்து 13 அங்குலம், முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்று 18, கழுத்துப்பட்டையிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை 16. சுற்றளவுக்கெல்லாம் இரண்டு அங்குலம் கூட்டிக்கொண்டேன். போட்டபின் துணிக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும்.

தலை வழியாக நுழைத்து, முன்னங்கால்களை ஒவ்வொன்றாக மடக்கிப் போடும் மாதிரியை நான் எடுக்கவில்லை. இந்த இனத்துக்கு முதுகெலும்பு வட்டு நழுவும் தொல்லை அதிகம். தினமும் இரண்டு வேளை அவனைத் தூக்கி வளைத்து உடை மாட்டுவதெல்லாம் சரிப்படாது. நின்றபடியே முதுகில் போர்த்தி, மார்பிலும் வயிற்றிலும் வெல்க்ரோவால் ஒட்டிவிடுகிற மாதிரிதான் இது.

குட்டைக்கால் நாய் வைத்திருப்பவர்கள் வயிற்றுப் பட்டையைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் பார்க்கின் புல் முழுக்கப் பனித்தண்ணீர். சுண்டலின் வயிறு அதை உரசிக்கொண்டேதான் போகும். முதுகை எவ்வளவு தடிமனாக மூடினாலும் வயிறு நனைந்தால் நடுக்கம் நிற்காது. பழைய மழைக்கோட்டின் ஒரு துண்டை வெளிப்பக்கம் வைத்து, உள்ளே ஃபிளீஸ் என்கிற மெத்தென்ற துணி கொடுத்தேன். பட்டையின் பின் ஓரத்தை அரைவட்டமாக மேலே ஏற்றி வெட்டியிருக்கிறேன். ஆண் நாய், நேராக விட்டால் ஒவ்வொரு மரத்தடியிலும் பட்டைதான் நனையும். இத்தனை நாளில் நான் ரொம்பவும் மெச்சிக்கொண்டது இந்த ஒரு வளைவைத்தான். ஹார்னஸ் (உடம்பைச் சுற்றிக் கட்டும் பட்டை) உள்ளே இருப்பதால் முதுகில் ஒரு நீளமான காஜா எடுத்து, கயிறு மாட்டும் வளையம் வெளியே வர வழி செய்தேன். அந்தக் காஜாவின் ஓரம் போன வருஷம் நைந்து, மறுபடி தைக்க வேண்டியிருந்தது.

குறை என்றால் முதலில் வெல்க்ரோ. பிரிக்கும்போது வரும் 'பர்ர்ர்' சத்தத்துக்கு ஆரம்பத்தில் கட்டிலடியில் போய் ஒளிந்துகொள்வான். முடி, காய்ந்த புல், எல்லாம் அதில் ஏறிப் பிடிமானம் தளர்ந்துவிடும். பழைய டூத் பிரஷால் தேய்த்து எடுக்கலாம், துவைக்கும்போது ஒட்டி மூடிவிட்டால் கொஞ்ச நாள் கூடுதலாக உழைக்கும். அடுத்து ஃபிளீஸ். வறண்ட குளிரில் கழற்றினால் சடசடவென்று பொறி பறக்கும், அவனுக்கும் சுருக்கென்று தைக்கும். கையைக் கொஞ்சம் ஈரமாக்கிக்கொண்டு கழற்றுகிறேன், பரவாயில்லை. தவிர ஃபிளீஸ் என்பது பாலியெஸ்டர், சூடு பட்டால் உருகும். ஹீட்டர் போட்ட அறைக்குள் நுழைந்ததும் கோட்டைக் கழற்றிவிடுவது எங்கள் வீட்டில் சட்டம். இரவில் தூங்கும்போதும் போடுவதில்லை, அதற்கு ரஜாய் (பஞ்சு அடைத்த போர்வை) இருக்கிறது.

அக்குளில் முடி தேய்கிறதா, தோல் சிவந்திருக்கிறதா என்று அவ்வப்போது விரித்துப் பாருங்கள். எங்களுக்கு இடது பக்கம் கொஞ்சம் தேய்ந்தது, அந்த ஓரத்தில் மெல்லிய காட்டன் பைப்பிங் வைத்ததும் சரியாகிவிட்டது. நடக்கும்போது நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கினால் கோட்டு அதிகம் என்று அர்த்தம். பிப்ரவரி நடுவில் வெயில் ஏறியபின் வாக்கிங்கில் பாதி நேரம் கோட்டு என் தோளில்தான் தொங்கும்.

எதிர் ஃபிளாட் மாமி தன் பொமரேனியனுக்கும் ஒன்று தைத்துத் தரச் சொன்னார். வேண்டாம் மாமி என்றேன். அதற்கு இரட்டை அடுக்கு முடி, இந்தக் குளிரை அதுவே பார்த்துக்கொள்ளும். மேலே துணி போட்டால் உரசி உரசி முடி சிக்குப் பிடிப்பதுதான் மிச்சம்.

ஹோலி முடிந்ததும் ஆறிய தண்ணீரில் அலசி, முறுக்காமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் படுக்கையாகப் போட்டு உலர்த்துகிறேன். மற்ற உல்லன் துணிகளோடு சேர்த்து நாஃப்தலின் உருண்டை போட்டு வைப்பதில்லை, நாய் விழுங்கினால் அது விஷம். காய்ந்த வேப்பிலையோடு தனித் துணிப்பையில் கட்டி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுகிறேன். அக்டோபரில் எடுத்து ஒரு நாள் வெயிலில் காட்டினால் போதும். இந்த முறை வெல்க்ரோவைப் பிரித்துவிட்டு பிரஸ் பட்டன் வைக்க பழைய டெல்லி கிநாரி பஜாரிலிருந்து ஒரு அட்டை வாங்கி வைத்திருக்கிறேன்.