தேரடிப் பக்கத்து சைலன்சர் பட்டறை: நெம்பாமல் மாட்டுகிறார்கள்

திருவொற்றியூர் தேரடியை ஒட்டிய சந்தில், போர்டுகூட இல்லாத பட்டறை. ராயல் என்ஃபீல்டு புல்லட், கிளாசிக் பைக்குகளின் சைலன்சர் வேலைதான் முக்கியம். 1950-களிலேயே தொழிற்சாலையிலிருந்து புல்லட் உருண்டுவரத் தொடங்கிய ஊர், இப்படிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. இந்தக் கடைக்குப் போகச் சொல்ல ஒரே காரணம்தான்: கோணலாக நிற்கும் குழாயை போல்ட்டு போட்டு இழுத்து நேராக்குவதில்லை.

கழற்றும்போதே கைப்பக்குவம் தெரிகிறது. கடல் காற்றில், இன்ஜின் தலைப்பகுதியான ஹெட்டில் குழாயைப் பிடிக்கும் ஸ்டட்டும் (தலையில்லாத போல்ட்டு) நட்டும் துருவேறி ஒன்றாகிக் கிடக்கும். பலமாக முறுக்கினால் ஸ்டட் முறியும், இல்லையென்றால் அலுமினிய ஹெட்டின் மரையையும் பிடுங்கிக்கொண்டு வரும். இங்கே துருநீக்கி அடித்து ஊறவிட்டு, நட்டை முன்னும் பின்னும் கால் சுற்றாக அசைத்து எடுக்கிறார்கள். பி.எஸ்.6 புகை விதிப்படி வந்த வண்டியென்றால், புகையில் ஆக்சிஜனை அளக்கும் சென்சார் ஒயரைக் கழற்றிய பிறகுதான் குழாயையே தொடுகிறார்கள்.

புகை வெளிவரும் போர்ட்டில் ஒட்டிய பழைய கேஸ்கெட்டை (கசிவை அடைக்கும் வளையம்) சுரண்டிவிட்டு, ஒவ்வொரு முறையும் புதுசு. ஒருமுறை நசுங்கிய கேஸ்கெட் மறுபடி அடைக்காது. பிறகு இன்ஜினிலிருந்து வளைந்து வரும் பெண்டு பைப்பின் நட்டு இரண்டு, நடு கிளாம்ப், பின் பிராக்கெட் போல்ட்டு எல்லாமே விரல் முறுக்கு மட்டும். பின் போல்ட்டு விரலால் தள்ளினாலே ஓட்டைக்குள் போக வேண்டும். போகவில்லையா, மணலி ரோட்டுப் பள்ளத்தில் பிராக்கெட் வளைந்திருக்கும், அல்லது வெளிக்கம்பெனி சைலன்சரில் போல்ட்டு மாட்டும் காதை இடம் மாற்றி வெல்டு வைத்திருப்பார்கள். இடைவெளிக்கு வாஷர் வைக்கிறார்கள், வளைவென்றால் பிராக்கெட்டை நிமிர்த்துகிறார்கள். பல இடங்களில் ராடு விட்டு நெம்பி போல்ட்டை நுழைத்துவிடுவார்கள். அன்றைக்குப் பார்க்க நேராகத்தான் இருக்கும். ஆனால் அந்த இழுவை முழுக்க ஸ்டட் மேல் நிற்கும். ஒற்றை சிலிண்டர் அதிர்வும் சேர்ந்தால் கொஞ்ச நாளில் வெல்டு ஓரத்தில் விரிசல் விடும்.

இறுக்குவது முன்னிருந்து பின்னுக்கு. இரண்டு நட்டையும் மாறி மாறி அரைச் சுற்று, குழாய் வாயின் விளிம்புத் தகடான ஃபிளாஞ்சின் இடைவெளி இருபுறமும் ஒன்றாக வரும்வரை. அப்புறம் கிளாம்ப், கடைசியில் பிராக்கெட். பின்னாலிருந்து ஆரம்பித்தால் முன் வாய் கேஸ்கெட்டில் சரியாக உட்காராது.

இன்ஜின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்து இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கிறார்கள். குமிழி வந்தால் கசிவு. அதை அப்படியே விட்டால் ஆக்சிலரேட்டரை விடும்போதெல்லாம் படபடவென்று வெடிக்கும். உள்ளே புகும் காற்றைப் பார்த்து சென்சார் பெட்ரோல் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றச் சொல்லும், மைலேஜ் போகும்.

குறை இல்லாமல் இல்லை. சைலன்சரைத் தாங்கும் இடத்தில் கெட்டியாகிப்போன ரப்பர் புஷ்ஷையே திரும்பப் போடுகிறார்கள். ஒரு மீட்டர் எஃகுக் குழாய் 300 டிகிரி சூடேறினால் மூன்றரை மில்லிமீட்டர் நீளும். புஷ் கல்லாக இருந்தால் அந்த நீட்சி எங்கே போகும்? புது புஷ் கேட்டு வாங்குங்கள். ஓரிரு நாள் ஓட்டியபின், ஆறிய நிலையில் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும் என்பதையும் அவர்களாகச் சொல்வதில்லை.

வாசலில் தொங்கும் சத்த சைலன்சர்களைக் கண்டுகொள்ளாதீர்கள். 175 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு வரம்பு 80 டெசிபல். மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன்படி 10,000 ரூபாய் வரை அபராதம். கடைக்காரரே சொல்கிறார்: "மாட்டித் தர்றேன் தம்பி, புடிச்சா நீதான் கட்டணும்."

காலையில் ஆறிய வண்டியோடு போங்கள். ஓட்டிய சூட்டோடு போனால் அது ஆறும்வரை எதிர் டீக்கடைதான் கதி.