மொட்டைமாடிக்குப் பத்து வருஷ கியாரண்டி கொடுத்தார்கள், ஐப்பசி மழையே தாங்கவில்லை

மாடி 1000 சதுர அடி. சதுர அடிக்கு 55 ரூபாய், மொத்தம் 55,000. மூன்று கோட் வாட்டர் புரூஃபிங், அச்சடித்த அட்டையில் பத்து வருஷ கியாரண்டி. மே மாதம் வேலை முடிந்தது. அக்டோபர் கடைசியில் படுக்கையறை சீலிங்கில் ஃபேன் ஹூக்கைச் சுற்றி ஈரம் வட்டமாக இறங்கிவிட்டது. தாம்பரத்தை அடுத்த ஒரு தனிவீட்டில் நடந்தது இது. அந்த வருஷத்து பாத்ரூம், டைல்ஸ், கப்போர்டு வேலைகளையும் அதே கான்ட்ராக்டரிடமே மொத்தமாகக் கொடுத்திருந்தார்கள். பெயர் இங்கே வேண்டாம். இதே மாதிரி வேலை பார்ப்பவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள்.

முதலில் வாளிக் கணக்கைப் பாருங்கள். வந்து இறங்கியது 20 லிட்டர் அக்ரிலிக் கோட்டிங் வாளி மூன்று, ஆக 60 லிட்டர். 1000 சதுர அடி என்றால் 93 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 650 மில்லிகூட விழவில்லை. இந்த வகை அக்ரிலிக் கோட்டிங்கில் கன அளவில் ஏறக்குறைய பாதிதான் திடப்பொருள், மீதி காய்ந்து போய்விடும். காய்ந்த பிறகு தரையில் நிற்பது 0.3 மி.மீ. சொச்சம். சித்திரை வெயிலில் விரிந்து மழையில் சுருங்குகிற மாடியில் 1 மி.மீ. கனமாவது இருந்தால்தான் நம்பலாம். அதற்கு சதுர மீட்டருக்கு 2 லிட்டர் வேண்டும். மொத்தம் 186 லிட்டர், அதாவது ஒன்பது வாளிக்கு மேல். கடையில் ஒரு வாளி என்ன விலை என்று கேட்டு ஒன்பதால் பெருக்கினாலே, கூலியும் சேர்த்து 55 ரூபாய்க்கு அந்த வேலை கட்டுப்படியாகாது என்று தெரிந்துவிடும். மலிவான ரேட்டில் திருட்டு முன்கூட்டியே அடங்கியிருக்கிறது.

‘மூன்று கோட்’ என்பதில் பொய் இல்லை. ரோலர் மூன்று முறை ஓடியது. தண்ணீரை ஊற்றிக் கரைத்தால் மூன்று வாளி ஐந்து வாளியாகத் தெரியும், ஆனால் படிகிற சரக்கு கூடாது. அடியில் அடிக்கிற பிரைமர் கோட்டுக்குத்தான் தண்ணீர் கலக்கலாம், எவ்வளவு என்று வாளியிலேயே போட்டிருக்கும். அடுத்த கோட்டுகளைப் பெரும்பாலும் கலக்காமல்தான் அடிக்க வேண்டும். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே நாலிலிருந்து ஆறு மணி நேரமாவது காய வேண்டும், அடுத்த கோட்டைக் குறுக்குவாட்டில் இழுக்க வேண்டும். அந்த வீட்டில் காலை பத்து மணிக்கு ஆரம்பித்து சாயந்தரம் ஆறு மணிக்குள் மூன்று கோட்டும் முடிந்து, ஆட்கள் கை கழுவிக்கொண்டு போய்விட்டார்கள்.

கனம் குறைந்ததுகூட இரண்டாவது குற்றம்தான். ஒழுகிய இடத்துக்கு நேர் மேலே பிளேடால் ஓர் அங்குலச் சதுரம் கீறி எடுத்துப் பார்த்தபோது, கோட்டிங் தோல் மாதிரி உரிந்து வந்தது. அதன் அடிப்பக்கத்தில் பாசியின் கரும்பச்சையும், மாடித் தரையில் பதித்த தட்டோட்டின் சிவப்புத் தூளும் ஒட்டியிருந்தன. தரையைக் கழுவவே இல்லை, தூசி மேல் பூசியிருக்கிறார்கள். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, நன்றாகக் காயவிட்ட பிறகுதான் பிரைமர். ஈரத்தின் மேல் பூசினால் வெயிலில் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிக் கொப்புளம் கிளப்பும். கொப்புளம் உடைந்த இடம் அடுத்த மழைக்கு வாசல்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியதை யாரும் தொடவேயில்லை. தட்டோடுகளுக்கு இடையே விட்டுப்போன சாந்தைச் சுரண்டிப் புதிதாக அடைக்க வேண்டும். விரிசலை அப்படியே மூடாமல் வெட்டுளியால் ‘வி’ வடிவத்தில் அரை அங்குலம் ஆழம் திறந்து, பாலிமர் கலந்த சாந்தால் நிரப்ப வேண்டும். அசைகிற விரிசலாக இருந்தால் ரப்பர் மாதிரி இழுபடுகிற பியு (பாலியூரித்தேன்) சீலன்ட். தரையும் கைப்பிடிச்சுவரும் சேருகிற மூலையில் இரண்டு அங்குலத்துக்குச் சாய்வாகச் சாந்து வைத்து மழுக்கி, அதன் மேல் ஃபைபர் மெஷ் பதித்து, கோட்டிங்கைச் சுவரில் ஓர் அடி உயரம் ஏற்ற வேண்டும். ஒழுகல் பெரும்பாலும் இந்த மூலையிலும் மழைநீர்க் குழாயின் வாயிலும்தான் வரும். இங்கே கோட்டிங் மூலையோடு நின்றிருந்தது, சுவரில் ஏறவில்லை.

பிறகு வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு. குறைந்தபட்சம் 100-க்கு 1 வேண்டும், 30 அடி நீளத்துக்கு மூன்றரை அங்குலத்துக்குக் குறையாமல். வாட்டம் இல்லாமல் தண்ணீர் நாள்கணக்கில் குளம் கட்டினால் எந்த அக்ரிலிக் பூச்சும் ஊறி இளகிவிடும். தேங்குகிற மாடிக்கு முதலில் சாந்தால் வாட்டம் சரிசெய்யச் சொல்லாமல் நேராகப் பெயின்ட் டப்பாவைத் திறப்பவரை, அப்போதே டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம்.

பணம் தீர்ப்பதற்கு முன்னால் தண்ணீர் கட்டிப் பார்ப்பதுதான் ஒரே பரீட்சை. கோட்டிங் முழுசாகக் காய்ந்த பிறகு, ஒரு வாரமாவது விட்டு, குழாய் வாயைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிய துணியாலும் மணல் மூட்டையாலும் அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தி 48 மணி நேரம் விடுங்கள். 1000 சதுர அடிக்கு இதற்கே சுமார் 2,300 லிட்டர், அதாவது 2.3 டன் போகும். கீழே கம்பி துருப்பிடித்து சிமென்ட் பெயர்ந்திருக்கிற பழைய தளத்தில் இன்ஜினியரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. ‘தண்ணி கட்டினா கோட்டிங் கெட்டுடும் சார்’ என்று கான்ட்ராக்டர் சொன்னார். மழையில் நிற்கத்தானே அந்தக் கோட்டிங்?

பாத்ரூமிலும் இதே கதைதான், ஆனால் மறைவாக. பள்ளமாக இறக்கிய தளத்தில் வாட்டர் புரூஃபிங் அடித்தார்கள். அதற்கு மறுநாள் பிளம்பர் வந்து நஹானி டிராப் (தரைத் தண்ணீர் வெளியேறும் கிண்ணம்) உட்காரவில்லை என்று உளியால் கொத்திப் பெரிதாக்கினார். கொத்திய இடத்தை வெறும் சிமென்ட் பாலால் மெழுகிவிட்டு மேலே செங்கல் துண்டு நிரப்பியாயிற்று. பைப், டிராப் எல்லாம் வைத்து, சுற்றிலும் காய்ந்தாலும் சுருங்காத சாந்தால் (கிரவுட்) அடைத்த பிறகுதான் வாட்டர் புரூஃபிங். அதன் பிறகு உளி உள்ளே வரக் கூடாது. 24 மணி நேரம் தண்ணீர் நிறுத்தி, கீழ்வீட்டு சீலிங்கைப் பார்த்த பிறகே நிரப்ப வேண்டும். வெந்நீர்க் குழாய் சிபிவிசி, சூடு தாங்குகிற பிவிசி வகை. அதற்கு சிபிவிசி சால்வென்ட் பசைதான் போட வேண்டும், சாதா பிவிசி பசை வெந்நீருக்கு நிற்காது. சுவரைப் பூசி மூடுவதற்கு முன்னால் கை பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தமானியின் முள் ஒரு மணி நேரத்தில் இறங்கினால் எங்கோ கசிகிறது.

டைல்ஸைத் தட்டிப் பார்த்தால் பத்தில் நாலு, உள்ளே வெற்றிடம் இருப்பது போல டொக்கு டொக்கு என்றது. நாலு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு கரண்டி சாந்து வைத்து அமுக்கியதன் விளைவு. விட்ரிஃபைடு டைல் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாது, அதனால் வெறும் சிமென்ட் அதைப் பிடிக்காது. பல் வைத்த கரண்டியால் டைல் அட்ஹெசிவ் சீவித்தான் ஒட்ட வேண்டும். 3 மி.மீ. கனத்துக்கு 20 கிலோ மூட்டை ஏறக்குறைய 40 முதல் 50 சதுர அடிக்கு வரும், இங்கேயும் மூட்டையை எண்ணலாம். கப்போர்டுக்கு ‘மரைன் பிளை’ (தண்ணீர் தாங்கும் பிளைவுட்) என்று பில் போட்டு, அறுத்துப் போட்ட துண்டில் ஐ.எஸ். 303 முத்திரை இருந்தது. அது பொது உபயோகத்துக்கான பிளை, மரைன் அல்ல. சமையலறைக்கும் பாத்ரூமுக்கும் ஐ.எஸ். 710 வேண்டும். முத்திரைக்கு அருகில் இருக்கும் சிஎம்/எல் எண்ணை (லைசென்ஸ் எண்), இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால் லைசென்ஸ் யாருடையது, நடப்பில் இருக்கிறதா என்று தெரியும். முழு ஷீட்டாக வாசலில் இறங்கும்போதே பார்த்துவிட வேண்டும். லாமினேட் ஒட்டிய பிறகு ஒன்றும் தெரியாது.

வரிசையும் தலைகீழ். உள்ளறைப் பெயின்ட் ஜூலையிலேயே அடித்தாயிற்று, மாடியை மழை சோதிப்பதற்கு முன்னால். புட்டி போட்டு வழவழப்பாக்கிய சுவரில் நவம்பரில் உப்புப் பூத்து உரிந்தது, அதற்கு மறுபடி தனிச் செலவு. மாடி வேலை பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவில், பிறகு வெளிச்சுவர் விரிசல், அதன் பின் பாத்ரூம், ஒயரிங் கொத்து வேலை. பெயின்டை வடகிழக்குப் பருவமழை முடிந்து, சுவர் காய்ந்த பிறகு தையில் வைத்துக்கொள்வதே நல்லது. எல்லாவற்றையும் ஒரே கையில் கொடுத்தால் டிஸ்கவுன்ட் என்பார்கள். பாதிப் பணம் அட்வான்ஸாகப் போன பிறகு நம் போனை எடுக்கக்கூட அவர்களுக்கு நேரம் இருக்காது.

கியாரண்டி அட்டையைத் திருப்பிப் படித்தால் பொடி எழுத்தில், ‘கட்டட அசைவால் வரும் விரிசல் சேராது, பொருளுக்கு மட்டுமே பொறுப்பு’ என்று இருந்தது. எந்தப் பொருள், எத்தனை லிட்டர், கூலி யாருடையது, எத்தனை நாளுக்குள் வந்து பார்ப்பார்கள் என்பது எதுவும் அதில் இல்லை. இதையெல்லாம் கொட்டேஷனிலேயே எழுதி வாங்க வேண்டும். ‘பில் வேண்டாம்னா ஜிஎஸ்டி மிச்சம்’ என்ற பேச்சுக்கு மயங்கினால் நாளைக்குக் கையில் ஒரு காகிதமும் இருக்காது. அப்படி மயங்கியிருந்தாலும் வங்கி வழியாகப் போன பணம், வாட்ஸ்அப் பேச்சு, ஈரச் சுவரின் தேதியிட்ட படங்கள் சாட்சியாகும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை அங்கேயே போகலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, குறை தெரிந்த இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

மாடி வேலைக்கு இப்படிப் பிரித்துக் கொடுக்கலாம்: சரக்கு வாசலில் இறங்கி வாளி எண்ணிய பிறகு 40 சதவீதம், விரிசலும் மூலையும் அடைத்து பிரைமர் அடித்த பிறகு 20, தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகு 30. மீதி 10 டிசம்பர் கடைசியில். ஒவ்வொரு வாளியின் பேட்ச் எண்ணும் தயாரித்த மாதமும் தெரிகிற மாதிரி மூடி திறப்பதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காலி வாளிகளை ஆட்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போக விடாதீர்கள், கணக்கு முடியும் வரை அவை உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.