29 அமர்வுகள்: தம்பிக்கு எடுத்த காந்தத் தூண்டல் சிகிச்சை

கிருஷ்ணகிரி அருகே மாங்கூழ் ஆலை ஒன்றில் வேலை செய்யும் என் தம்பி அடிக்கடி கை கழுவியதை, சுத்தபத்தமான பையன் என்று நாங்களே மெச்சிக்கொண்டிருந்தோம். புறங்கைத் தோல் வெடித்து இரத்தம் கசிந்த பிறகுதான் அது, வேண்டாத எண்ணமும் அச்சமும் திரும்பத் திரும்ப வந்து ஒரே செயலைச் செய்யவைக்கும் ஓ.சி.டி. என்ற மனநோய் என்பதும் மனச்சோர்வும் கூடவே இருப்பதும் தெரியவந்தன. மாத்திரைகளும் பேச்சு சிகிச்சையும் போதிய பலன் தராததால், மனநல மருத்துவரின் பரிந்துரையின்படி பெங்களூரில் ஒரு தனியார் மையத்தில் டி.எம்.எஸ். எனப்படும் காந்தத் தூண்டல் சிகிச்சை எடுத்தோம்.

"தலைக்குக் கரண்டு வைக்கப் போறாங்களாடா?" என்று அம்மா அழுதார். நம் ஊரில் கரண்டு வைப்பது என்று சொல்லும் சிகிச்சையில் மயக்க மருந்து கொடுத்து வலிப்பை வரவழைப்பார்கள். இதில் மயக்கமும் இல்லை, வலிப்பு உண்டாக்குவது நோக்கமும் இல்லை. தலைமேல் வைக்கும் கம்பிச்சுருளில் விட்டுவிட்டுப் பாயும் மின்சாரம் காந்தப்புலத்தை உண்டாக்க, அது மண்டையோட்டைக் கடந்து மூளையின் குறிப்பிட்ட பகுதியைத் தூண்டுகிறது. 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் குழுவினர் செய்துகாட்டிய இந்த முறைக்கு, அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2008-இல் மனச்சோர்வுக்கும் 2018-இல் ஓ.சி.டி.க்கும் அனுமதி அளித்தது.

முதல் நாள் அளவு பார்த்தார்கள். தலைக்கவசம் போன்ற கருவியை மாட்டி, விசையைச் சிறிது சிறிதாகக் கூட்டியபோது, தம்பியின் கால் பெருவிரல் அவனைக் கேட்காமலே வெட்டி இழுத்தது. அந்த விசையை வைத்தே சிகிச்சையின் அளவை முடிவு செய்கிறார்கள். காதில் அடைப்பான் வைத்துக்கொண்டாலும் மரங்கொத்தி கொத்துவது போன்ற சத்தம் கேட்கும்: 2 நொடி தட்டல், 20 நொடி ஓய்வு என்று சுமார் 18 நிமிடம். முதல் வாரம் நெற்றி வலித்தது, பிறகு பழகிவிட்டது.

எனக்கு மனக்குறை ஒன்று உண்டு. ஓ.சி.டி.க்கு, கருவியை இயக்குவதற்கு முன் நோயாளியின் அச்சத்தைச் சற்றே கிளறிவிட வேண்டும் என்பது வகுத்த முறை. முதல் 4 நாட்கள் அதைச் செய்யாமல், அவன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருவியைப் போட்டுவிட்டார்கள். மருத்துவரிடம் நான் கேட்ட பிறகே ஒழுங்காக நடந்தது. செருப்பின் அடியைத் தொடச் சொன்னார்கள். தொட்ட விரல்களை விரித்தபடி, கழுவ முடியாமல், வியர்த்து உட்கார்ந்திருந்த அவன் முகத்தை நான் மறக்கமாட்டேன். முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டவர்கள் இதில் அசட்டையாக இருந்ததை ஏற்கவே முடியவில்லை.

வாரத்துக்கு 5 நாள் வீதம் 6 வாரத்தில் 29 அமர்வுகள். கிருஷ்ணகிரியிலிருந்து போக மட்டும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். 18 நிமிடச் சிகிச்சைக்கு ஒரு நாள் முழுவதும் பேருந்திலேயே கழிந்ததால், இரண்டாம் வாரம் ஓசூரில் அத்தை வீட்டில் தங்கினோம். தருமபுரியிலிருந்து வருபவர்கள் தங்குமிடத்தை முடிவு செய்துகொண்டு பணம் கட்டுவது நல்லது.

தலைக்குள் உலோகமோ காது உட்பதியக் கருவியோ உள்ளவர்களுக்கு இது ஆகாது; முன்பு வலிப்பு வந்திருந்தால் அவசியம் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அரிதாக இதனால் வலிப்பு வரக்கூடும். மாத்திரையையும் நாங்கள் நிறுத்தவில்லை. நான்காம் வாரம் வரை எந்த மாற்றமும் தெரியாமல் மனம் உடைந்திருந்தோம். இப்போது அவன் குளியலறையில் இருக்கும் நேரம் இரண்டு மணியிலிருந்து அரை மணியாகக் குறைந்திருக்கிறது. போன வாரம் அம்மா அறுத்த மாம்பழத்தை அவர் கையிலிருந்தே வாங்கிச் சாப்பிட்டான்.