இரண்டு கிட்னியும் வீங்கினால் எந்தக் கோடு? என்-13.30ஆ, காரணம் சொல்லும் கோடா?

பாளையங்கோட்டையில் உட்கார்ந்து அமெரிக்க ஆஸ்பத்திரி சார்ட்டுகளுக்குக் கோடிங் போடுவது, அதாவது டாக்டர் எழுதிய நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டு எண்ணை (கோடு) எடுப்பது என் வேலை. போன கோடையில் வள்ளியூரிலிருந்து மாமா ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வந்தார். "ரெண்டு கிட்னியும் வீங்கியிருக்குன்னு சொல்லுதாவ. நீ இந்த வேலதானே பாக்க, என்னன்னு பாரு" என்றார். 'பைலேட்டரல் மைல்ட் ஹைட்ரோநெஃப்ரோசிஸ்', அதாவது இரு பக்கமும் லேசான நீர்த்தேக்கம், என்று ஒரே வரிதான் இருந்தது. ஏன் வந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. நான் தினமும் திரையில் பார்க்கிற அதே வரி.

முதலில் 'வீக்கம்' என்ற சொல்லைப் பிரித்துக்கொள்வோம். சிறுநீர் கீழே இறங்க வழியில்லாமல் தேங்கி, சிறுநீரகத்தின் உள்ளறைகள் விரிந்தால் அது ஹைட்ரோநெஃப்ரோசிஸ், ஐசிடி-10-சிஎம் என்ற அமெரிக்க நோய்க் கோடுப் பட்டியலில் என்-13 குடும்பம். கிருமி தொற்றித் திடீரென வரும் பைலோநெஃப்ரைட்டிஸ் என்-10. சிறுநீரகமே பருத்துப் பெரிதாகியிருந்தால் என்-28.81. டாக்டர் வெறும் 'வீக்கம்' என்று எழுதினால் இந்த மூன்றில் எது என்று கோடர் தானாக முடிவு செய்ய முடியாது.

ஹைட்ரோநெஃப்ரோசிஸ் என்று எழுதியிருக்கிறார், அவ்வளவுதான் என்றால், ஐசிடி-10-சிஎம்மில் கை தானாகப் போகும் இடம் என்-13.30. 'வகை குறிப்பிடாதது' என்று பொருள். பக்கத்திலேயே இருக்கிறது என்-13.39. கொஞ்சம் துல்லியமாகத் தெரிகிறதே என்று புதியவர்கள் இதை எடுத்துவிடுகிறார்கள். வகையை டாக்டர் எழுதியிருந்து, அதற்கென்று தனிக் கோடு இல்லாதபோதுதான் 39. ஒன்றுமே எழுதாதபோது 30தான் சரி. மைல்ட், மாடரேட், சிவியர் என்பதெல்லாம் இந்தக் கோடை மாற்றாது.

வண்ணார்பேட்டைப் பக்கம் பயிற்சி முடித்து வரும் பிள்ளைகள் தவறாமல் கேட்கும் கேள்வி: இரண்டு கிட்னி என்றால் கோடை இரண்டு தடவை போடலாமா? போடக் கூடாது. ஹைட்ரோநெஃப்ரோசிஸ் கோடுகளில் இடது, வலது என்ற பிரிவே இல்லை. அப்படிப்பட்ட கோடை ஒரு வருகைக்கு ஒரு முறைதான் போட வேண்டும் என்பது வழிகாட்டி நெறி. குழப்பம் வருவதிலும் நியாயம் இருக்கிறது. அதே குடும்பத்தில், சிறுநீர் மேல்நோக்கித் திரும்பி சிறுநீரகத்தைக் கெடுக்கும் ரிஃப்ளக்ஸுக்கு ஒரு பக்கம் என்-13.721, இரு பக்கம் என்-13.722 என்று தனித்தனியே உண்டு. 'இரு பக்கமும் செய்தது' என்று காட்டும் 50 என்ற மோடிஃபையரும் (கூடுதல் குறி) நோய்க் கோடுக்குச் சேராது, அது சிகிச்சைக் கோடுக்கு உரியது. சிறுநீர் இறங்க இரு பக்கமும் டிஜே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் வைத்தால், அந்தச் சிகிச்சையின் கோடான 52332உடன் 50 வரும். சிறுநீரக ஸ்கேனான 76770க்கு வராது, அதில் இரண்டு சிறுநீரகமும் ஏற்கெனவே அடக்கம்.

இனி எதிர்ப் பக்கம், காரணத்தைச் சொல்லும் கோடுகள். கல் அடைத்திருந்தால் என்-13.2. கல்லுக்கென்று என்-20ஐயும் கூடவே சேர்ப்பது நான் ஆடிட்டில் அடிக்கடி பார்க்கும் தப்பு. என்-20க்குக் கீழேயே அதற்குத் தடை எழுதியிருக்கிறது. சிறுநீர்க்குழாய் சுருக்கம் என்றால் என்-13.1. சிறுநீரகமும் குழாயும் சேரும் இடத்தில் அடைப்பு என்றால் 2016 அக்டோபரில் சேர்க்கப்பட்ட என்-13.0. இவற்றோடு தொற்றும் சேர்ந்தால் என்-13.6, கூடவே எந்தக் கிருமி என்ற கோடு. பிறவியிலேயே என்றால் க்யூ-62.0. கர்ப்பிணிக்கு முதலில் கர்ப்பகாலக் கோடுகளான ஓ-வரிசையைத்தான் பார்க்க வேண்டும்.

என் ஓட்டு காரணக் கோடுக்குத்தான். இரு பக்கமும் சேர்ந்து வீங்கும்போது அது இன்னும் முக்கியம். சிறுநீர்க்குழாய் இரண்டு, பை ஒன்று. இரண்டு சிறுநீரகமும் ஒன்றாக விரிந்தால் டாக்டர்கள் முதலில் கீழேதான் தேடுவார்கள்: பெருத்த பிராஸ்டேட், நரம்புக் கோளாறால் காலியாகாத பை, பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்று. பை நிரம்பியிருந்தாலே லேசான விரிவு தெரியும் என்பதால், சிறுநீர் கழிக்கச் சொல்லி மறுபடி ஸ்கேன் எடுப்பதும் உண்டு. இத்தனை வழிகளும் என்-13.30 என்ற ஒரே எண்ணுக்குள் மறைந்துபோகின்றன. அதை வெறும் எண் என்று விட்டுவிட என்னால் முடியவில்லை. அடைப்பு நீடித்தால் சிறுநீரகம் கெடும். அடுத்து அந்தச் சார்ட்டைத் திறக்கும் டாக்டர் காரணத்தைப் பார்க்க வேண்டும்.

ஆனால் காரணக் கோடை ஊகித்து எடுக்க முடியாது. எழுபது வயது ஆண், பிராஸ்டேட் பெரிது என்று ஸ்கேனில் இருந்தாலும், இதனால்தான் அது என்று கவனிக்கிற டாக்டர் எழுத வேண்டும். 'இருக்கலாம்' என்று எழுதினால் அவுட்பேஷண்டுக்குக் கோடு போட முடியாது. இன்பேஷண்ட் டிஸ்சார்ஜில் போடலாம். எழுதவில்லையா, டாக்டரிடம் விளக்கம் கேட்டு குவெரி அனுப்ப வேண்டும். அதிலும் "பிராஸ்டேட்டால் வந்ததுதானே?" என்று பதிலைக் கேள்விக்குள் வைக்கக் கூடாது. "நீர்த்தேக்கத்தின் காரணம் தெரிந்தால் குறிப்பிடவும்" என்று திறந்து கேட்க வேண்டும். குவெரி போட்டால் அந்தச் சார்ட் இரண்டு நாள் நிற்கும், அன்றைய டார்கெட் குறையும். குறையட்டும் என்பேன்.

மாமா விஷயத்துக்கு வருகிறேன். சிறுநீர் கழித்த பின் எடுத்த ஸ்கேனிலும் விரிவு அப்படியே இருந்தது, பிராஸ்டேட் பெருத்திருந்தது. அட்மிட் ஆகி வந்தார். ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் மறுபடியும் அதே ஒற்றை வரி. காரணம் கேட்டு இன்சூரன்ஸ் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டது. வள்ளியூருக்கும் ஆஸ்பத்திரிக்கும் மூன்று தடவை அலைந்தார். வயசான மனுஷன், டியூபோடு பஸ்ஸில். எனக்கு வயிறு எரிந்தது. நான்காவது தடவை நானே கூடப் போய், காரணத்தை எழுதித் தரும்படி டாக்டரிடம் கேட்டேன். அவர் அங்கேயே எழுதினார்: "பிராஸ்டேட் பெருத்ததால் சிறுநீர் அடைப்பு. அதனால் இரு சிறுநீரகத்திலும் நீர்த்தேக்கம். கல் இல்லை, தொற்று இல்லை." இதே வரி என் திரையில் வந்திருந்தால் முதலில் பிராஸ்டேட் பெருத்ததற்கு என்-40.1, அடைப்புக்கு என்-13.8 என்று எடுத்திருப்பேன். அவர் அதை எழுதி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.