கல் பதித்த பூங்காவா, மர நிழலா?

கிளிநொச்சி போன்ற ஏ-9 வீதியோர நகருக்கு எது பொருந்தும்? இன்ரலொக் கல் பதித்து, ஊஞ்சலும் சறுக்கியும் வைத்த சிறுவர் பூங்கா விரைவில் எழும்பிவிடும். திறப்பு விழாப் படமும் அழகாக வரும். ஆனால் சோளகம் வீசும் ஆடி மாதத்தில், பிற்பகல் இரண்டு மணிக்கு, அந்தச் சறுக்கியின் இரும்புத் தகட்டில் எந்தப் பிள்ளை உட்காரும்?

குளத்தருகே மருது, வேம்பு, நாவல் நட்டால் நிழலுக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். மாடு கடிக்காமல் கூடு கட்டவும், முதல் கோடைகளில் தண்ணீர் ஊற்றவும் ஆள் வேண்டும். அதன்பின் இலைகள் நீராவியை விட்டுக் காற்றைக் குளிர்விக்கும். மாரி மழையும் மண்ணுக்குள் இறங்கும். வாங்கு போட்டால் முதியவர்களும் வந்து அமர்வார்கள்.

என் வாக்கு மரத்துக்கே. ஊஞ்சலைப் பிறகு மாட்டலாம். பிரதேச சபை அடுத்த ஆண்டுப் பாதீட்டை ஆண்டு முடிவதற்குள் நிறைவேற்றும். ஆகவே மனு புரட்டாதியிலேயே போகட்டும், பராமரிப்புத் தொகையையும் சேர்த்துக் கேட்டு.