நாலு மழைக்காலம் தாண்டிய பால்கனியும் ஒரு தாம்பாளத் தண்ணீரும்

தாம்பரம் பக்கம் வீடு வாங்கியிருக்கும் சித்தி மகன் போன வாரம் கேட்டான்: "அண்ணா, பால்கனியை உடைச்சு வாட்டர்ப்ரூஃபிங் பண்ணினீங்களே, தாங்குதா?" தாங்குகிறது. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள மனசு வரவில்லை. நாலு வருஷ வயிற்றெரிச்சல் ஒன்று பாக்கி இருக்கிறது.

எங்களுடையது மூன்றாவது மாடி. பத்துக்கு நாலடி பால்கனி, வடகிழக்கு பார்த்தது. ஐப்பசி பிறந்தால் சாரல் விலாசம் கேட்காமல் வந்துவிடும். 2020 கார்த்திகையில் கீழ்வீட்டு மாமி கூப்பிட்டுக் காட்டினார். அவர் பால்கனிக் கூரையில் உப்புப் பூத்து, பெயின்ட் அப்பளம்போல் உப்பிக்கொண்டிருந்தது. ஒரு மூலையில் பழுப்பாக ஒரு கோடு. அதுதான் பயம். ஈரம் கம்பி வரை போய்விட்டது என்று அர்த்தம். கம்பி துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் காங்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும்.

முதலில் சில்லறை வைத்தியம்தான் பார்த்தேன். டைல்ஸ் இணைப்புகளைச் சுரண்டிவிட்டு வெள்ளை சிமென்ட் அடைத்தேன். அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று டைல்ஸ் மேலேயே ஒரு நிறமில்லாத திரவத்தைப் பூசினேன். இரண்டும் அடுத்த மழைக்குத் தாங்கவில்லை.

2021 ஏப்ரலில் உடைத்தோம். நல்ல வெயில் காலம், மழை நின்று மூன்று மாதம். இருந்தும் டைல்ஸுக்கு அடியில் இருந்த கலவை டீயில் தோய்த்த ரஸ்க் மாதிரி இருந்தது. விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீரைக் குடிக்காது, சரி. அதைச் சுற்றி இணைப்புகளில் அடைத்திருக்கிற சிமென்ட் க்ரௌட் குடிக்கும். உள்ளே போன தண்ணீர் மேலே காய வழியில்லாமல் ஸ்லாபுக்குள் இறங்கி, கீழ்வீட்டில் உப்பாகப் பூக்கும். அதாவது டைல்ஸும் க்ரௌட்டும் அழகுக்குத்தான். தண்ணீரைத் தடுப்பது அடியில் இருக்கும் பூச்சு.

அந்தப் பூச்சைக் குறை சொல்லவே மாட்டேன். பாலிமர் திரவமும் சிமென்ட் பொடியும் கலந்த இரண்டு கோட். முதல் கோட் நெடுக்கில், இரண்டாவது குறுக்கில். மூலைகளில் வலைத்துணி பதித்து, சுவரில் ஒரு அடி உயரம் வரை ஏற்றினார்கள். கதவு நிலைக்கு அடியிலும் விடவில்லை. பிறகு தண்ணீர்த் துவாரத்தைத் துணியால் அடைத்து மூன்று நாள் தண்ணீர் கட்டினோம். மாமி தினமும் காலையில் டார்ச் அடித்துத் தன் கூரையைப் பார்த்துவிட்டு மேலே வந்து அறிக்கை வாசிப்பார். அந்த வருஷம் நவம்பர் மழை, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல், எல்லாம் வந்து போயாகிவிட்டது. மாமி வீட்டுக் கூரை காய்ந்தே இருக்கிறது.

மேலே ஒட்டிய புது டைல்ஸுக்கு சிமென்டுக்குப் பதில் எபாக்சி என்கிற பிசின் க்ரௌட் போட்டோம், அதுவும் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கிறது. கறுக்கவில்லை, உதிரவில்லை. வெயில் விழுகிற ஒரு பட்டை மட்டும் லேசாக மஞ்சளடித்திருக்கிறது. எபாக்சிக்கு வெயில் ஆகாது, அதைப் பெரிதுபடுத்தவில்லை. சுவரும் தரையும் சேருகிற இடத்தில் க்ரௌட் போடாமல் சீலன்ட் விடச் சொன்னது நல்ல யோசனை. வெயிலில் டைல்ஸ் விரியும்போது அது கொஞ்சம் இடம் கொடுக்கும். இரண்டாவது வருஷம் ஒரு சாண் நீளத்துக்கு வாய் விட்டது, ஒரு ட்யூப் வாங்கி நானே அடைத்தேன். மொத்தப் பராமரிப்பே அவ்வளவுதான். புறா வலை கட்ட வந்தவர் தரையில் ட்ரில் போடப் போனார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். ஒரு ஓட்டை போதும், அத்தனை வேலையும் வீண்.

இனி வயிற்றெரிச்சல். துவாரத்துக்கு எதிர் மூலையில், மழை விட்ட பிறகு ஒரு தாம்பாளம் அளவு தண்ணீர் நிற்கிறது. நாலு வருஷமாக நிற்கிறது. காய்ந்தால் வெள்ளையாக ஒரு வளையம், அதன்மேல் தூசி, அடுத்த மழையில் வழுக்கல். ஒவ்வொரு தடவையும் வைப்பரால் தள்ள வேண்டியிருக்கிறது. மறைக்கலாம் என்று துளசித் தொட்டியை அங்கே வைத்தேன். தொட்டி அடியில் ஈரம் இன்னும் தங்கிப் பாசி பிடித்ததுதான் மிச்சம். கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினால், "நாலு மழை பெய்ஞ்சா செட்டாயிடும் சார்" என்றார். எது செட்டாகும், டைல்ஸா, நானா?

நியாயமாகப் பார்த்தால் பாதித் தப்பு என்னுடையது. இணைப்பு குறைவாக இருந்தால் தண்ணீர் இறங்குவதும் குறையும் என்று கணக்குப் போட்டு இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் கேட்டேன். துவாரமோ மூலையில் இருக்கிறது. தண்ணீர் அங்கே போக இரண்டு பக்கமும் வாட்டம், அதாவது சரிவு, வேண்டும். பெரிய டைலை இரண்டு பக்கமும் சரித்து ஒட்டுவது கஷ்டம். ஓரடி டைல்ஸ் போட்டிருந்தால் சரித்துச் சரித்து ஒட்டியிருக்கலாம். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது வாட்டம் வேண்டும், அதையும் பூச்சுக்கு அடியில் இருக்கும் தளத்திலேயே கொடுத்துவிட வேண்டும். அந்த மூலையில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். குமிழி நட்டநடுவில், அசையாமல் நிற்கிறது. வாட்டமே இல்லை.

28,000 ரூபாய் செலவானது. கொடுத்த காசுக்கு வேலை நடந்திருக்கிறது, சந்தேகமே இல்லை. ஆனாலும் தம்பியிடம் சொன்னது இதைத்தான்: பால்கனிக்கு டைல்ஸே வேண்டாம். பூச்சைப் போடு, மேலே வாட்டமாக சிமென்ட் தளம் இழு, தேங்காய் நார்ப் பாய் ஒன்றை விரித்துக்கொள். கேட்க மாட்டான் என்று தெரியும், கடையில் டைல்ஸ் பார்த்தாகிவிட்டதாம். சரி, ஓரடி டைல்ஸாக வாங்கு, ஒட்டி முடித்ததும் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பார்த்துவிட்டுக் கடைசித் தவணையைக் கொடு என்றேன். நான் பணத்தைக் கொடுத்தனுப்பிவிட்டு, மறுநாள் ஊற்றினேன்.