ஒற்றைக் கையும் உரித்த முட்டையும்: டயாலிசிஸ் நாற்காலியில் ஆறு ஆண்டுகள்

சிறுநீரகம் செயலிழந்து, இயந்திரத்தால் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸைச் சென்ற மாதம் தொடங்கிய நண்பர் ஒருவர் கேட்டார்: "நான்கு மணி நேரமும் பட்டினியா? நடுவில் ஏதாவது சாப்பிடலாமா?" சாப்பிடலாம், ஆனால் என்று ஆரம்பித்தேன். அந்த 'ஆனால்' அரை மணி நேரம் ஓடியது. வாரம் மூன்று முறை, ஆறு ஆண்டுகள். தொள்ளாயிரம் முறைக்கு மேல் அந்த நாற்காலியில் சாய்ந்திருக்கிறேன். அதில் முக்கால்வாசி நாள் ஏதாவது தின்றிருக்கிறேன்.

முதல் தொல்லை, கை. டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து உண்டாக்கும் ஃபிஸ்டுலாவை வழக்கமாக அதிகம் புழங்காத கையில்தான் வைப்பார்கள். என் இடது கை ரத்தக்குழாய் ஒத்துழைக்கவில்லை. வலது கைக்கு வந்தது. இரண்டு ஊசிகளோடு அது அசையாமல் கிடக்க, மற்ற வேலையெல்லாம் இடது கைக்கு. பிஸ்கட் உறையைப் பல்லால் கிழித்தால் பாதி பிஸ்கட் போர்வைக்குள் போகும். இறுக்கமான டப்பாவைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கித் திறந்து, உள்ளிருந்ததை மடியில் கொட்டிக்கொண்ட நாட்கள் உண்டு. பத்துப் பேரைக் கவனித்து ஓடிக்கொண்டிருக்கும் செவிலியரை மூடி திறக்கக் கூப்பிட எனக்குக் கூச்சம். உடம்பின் மொத்த ரத்தத்தையும் வெளியே எடுத்துச் சலித்துத் திருப்பி அனுப்ப இயந்திரம் செய்துவிட்டார்கள். ஒரு கையால் திறக்கிற டப்பா மட்டும் இன்னும் யாருக்கும் செய்ய வரவில்லை.

கடைசியில் கைகொடுத்தது அவித்த முட்டை. வீட்டிலேயே உரித்து, பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாத பாஸ்பரஸ் அதிகம் என்பதால் மஞ்சள் கருவை எடுத்துவிட்டு, இரண்டு வெள்ளைக் கருக்களை மட்டும் கொண்டுபோவேன். ஒரு கை போதும், சிந்தாது. ஒரு தடவை டயாலிசிஸ் செய்யும்போது 6 முதல் 12 கிராம் வரை அமினோ அமிலங்கள் கழிவோடு சேர்ந்து வெளியேறிவிடும் என்று உணவியல் நிபுணர் சொன்னார். இரண்டு வெள்ளைக் கருவில் ஏறக்குறைய 7 கிராம் புரதம். போனதில் ஒரு பங்காவது உட்கார்ந்த இடத்திலேயே திரும்பி வருகிறது என்பதில் எனக்கு ஓர் அற்பத் திருப்தி. எங்களுக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும். பசியே எடுக்காத உடம்பை வைத்துக்கொண்டு அந்தக் கணக்கை எட்டுவது லேசான காரியமில்லை. முட்டைக்கு மாறிய பிறகு ரத்தத்தில் உள்ள புரதமான அல்புமின் எனக்கு மெதுவாக ஏறியது, முடிகிற நேரத்தில் வரும் தலைவலியும் குறைந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் வாசனை தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் வாழைப்பழம் சாப்பிடுபவர். அதிலுள்ள பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் எங்களுக்கு ஆபத்து. "இயந்திரம்தான் பொட்டாசியத்தைக் கழுவிவிடுமே" என்பார். செரித்து ரத்தத்தில் சேர்வதற்குள் இயந்திரத்தை நிறுத்திவிட்டால் அந்தப் பொட்டாசியம் எங்கே போகும் என்று கேட்டுப் பார்த்தேன். பேச்சை மாற்றிவிட்டார்.

குடிப்பதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சிறுநீராக வெளியேற வழியில்லாததால், உள்ளே போகும் ஒவ்வொரு மிடறும் எடையில் சேரும். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் நான்கு மணி நேரத்தில் ரத்தத்தைக் கழுவும் 120 லிட்டர் திரவம் என் தலைமாட்டில் ஓடிச் சாக்கடையில் விழுகிறது. நானோ ஒரு பனிக்கட்டித் துண்டை நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்துக் கரைய விடாமல் காவல் காக்கிறேன்.

சாப்பிடலாமா கூடாதா என்பதில் மையத்துக்கு மையம் ஒரு சட்டம். நான் போகும் இடத்தில் முதலில் தடையே இல்லை, பிறகு ஓராண்டு முழுத் தடை, இப்போது 'கொஞ்சம்'. எவ்வளவு கொஞ்சம் என்பது அன்றைக்குப் பணியில் இருப்பவரைப் பொறுத்தது. காரணத்தை ஒருவர்கூட உட்கார்ந்து விளக்கவில்லை. போன வாரம் என் உடம்பே விளக்கியது.

அன்று ஊசி போடவே தாமதமாகிவிட்டது, கொலைப்பசி. முதல் ஒரு மணி நேரத்துக்குள், அதுவும் சிறிதளவுதான் என்ற என் சொந்த விதியை நானே மீறி, மூன்றாவது மணி நேரத்தில் ஒரு முழுச் சாப்பாட்டை இடது கையால் தின்று தீர்த்தேன். வயிற்றில் சோறு விழுந்தால் ரத்தம் குடல் பக்கம் போகும். இயந்திரமோ அதே நேரத்தில் உடம்பிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவில் ரத்த அழுத்தம் தொப்பென்று விழுந்தது. கொட்டாவி, குளிர் வியர்வை, கண்ணில் இருட்டு. கெண்டைக்கால் சதை கல்லாக இறுகியது. செவிலியர் ஓடிவந்து நாற்காலியைச் சாய்த்துக் காலைத் தூக்கினார், தண்ணீர் எடுப்பதை நிறுத்தினார், 200 மில்லி சலைன் ஏற்றினார். மூன்று மணி நேரம் பாடுபட்டு எடுத்த தண்ணீரில் ஒரு பங்கை என் நாக்குக்காகத் திருப்பிக் கொடுத்தாயிற்று. வாயில் கடைசிக் கவளம் இருந்தபடியே சாய்த்திருந்தால் புரையேறியிருக்கும். அதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

ஆகவே நண்பரே, இன்று கேட்டால் சாப்பிடாதீர்கள் என்றுதான் சொல்வேன். வீட்டுக்கு வந்து, இரண்டு கையும் வாய்த்த மனிதராக உட்கார்ந்து சாப்பிடுங்கள். முட்டையை அவ்வளவு புகழ்ந்தவன் இப்படிப் பேசலாமா என்று கேட்பீர்கள். கெண்டைக்கால் இன்னும் வலிக்கிறது, அதனால் பேசலாம். ஏற்கெனவே அழுத்தம் இறங்குகிற உடம்பு என்றால் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வாயும் வேண்டாம். அவர் சரி என்று சொல்லி, என் பேச்சையும் மீறி எடுத்துப் போவதாக இருந்தால், டப்பா மூடியை வீட்டிலேயே ஒருமுறை திறந்து தளர்வாக வைத்துக்கொண்டு போங்கள். சாப்பாட்டோடு விழுங்கும், பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரையையும் அட்டையிலிருந்து பிரித்தே கொண்டுபோங்கள். அந்த அட்டையை ஒரு கையால் பிதுக்கவே முடியாது.